உடைந்த கலத்துக்கும் உடைந்த உடலுக்கும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

பரதேச வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது கல்வெட்டு. அரசனுக்காக யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கலமெனின் சரிபாதி. கடல் இழப்பைக் கணக்கிட்டுப் பங்கிடும் சட்டம் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே தீவகத்தில் கல்லில் எழுதப்பட்டுவிட்டது. ஆனால், எஞ்சியுள்ள வரிகளில் அக்கலத்தில் கையிழந்த மாலுமியைப் பற்றி எதுவும் இல்லை.

அவனைச் சட்டம் கண்டுகொள்ள நெடுங்காலம் சென்றது. இங்கிலாந்தின் 1897ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தில் கப்பலோட்டிகளுக்கு இடமில்லை. 1906இல் அவர்கள் சேர்க்கப்பட்டனர். எனினும் இலாபத்தில் பங்கு பெற்று உழைக்கும் மீன்பிடிப் படகினர் அப்போதும் விலக்கப்பட்டனர். இலங்கையில் 1934இல் வந்த வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் வேலைகொள்வோர், வேலையாள், கூலி என்ற மூன்றின்மேல்தான் நிற்கிறது.

தீவகத்துக் கடற்றொழிலில் இம்மூன்றையும் பிரித்துக் காண்பது எளிதன்று. பிடிபட்டதை விற்று, செலவைக் கழித்து, படகுக்கும் வலைக்கும் பங்கு ஒதுக்கியபின் மிஞ்சுவது ஆட்களுக்கு. சங்கும் அட்டையும் எடுக்கச் சுழியோடுபவன் ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்து அழுத்த நோயால் கால் மரத்துப்போனால், யாரிடம் கேட்பான்? ‘நீயும் பங்காளிதானே’ என்று சம்மாட்டி சொல்லிவிடலாம். வருவாயில் பங்காளியானவன் காயத்தில் தனியனாகிறான்.

1976இல் பாக்கு நீரிணைப் பகுதியில் நெடுந்தீவின் ஆங்கிலப் பெயரைத் தாங்கி ‘டெல்ஃப்ட்-1’ என்ற எண்ணெய்க் கிணறு துளையிடப்பட்டது. அத்தகைய கிணற்று மேடையில் வேலைசெய்பவனுக்கு ஒப்பந்தம் உண்டு. பொறுப்புக் கூற ஒரு நிறுவனம் உண்டு. அதே கடலில் வலை வீசுபவனிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை.

1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் மீனவருக்கு ஓய்வூதியமும் காப்புறுதியும் வழங்க முயன்றது. ஆனால் அது மீனவர் தம் சந்தாவால் பெறும் காப்பு. படகுடையவரின் பொறுப்பை அது தொடவில்லை. 2017இல் இலங்கை ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் சமவாயம் மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது. சர்வதேச தொழில் அமைப்பின் 2007ஆம் ஆண்டுச் சமவாயம் மட்டுமே, பங்கு முறையில் உழைப்பவனும் மீனவனே எனத் தெளிவாக வரையறுக்கிறது.

இவ்வரையறையை நம் நாட்டுச் சட்டத்திலும் எழுத வேண்டும். அதுவரை, யார் எந்தப் படகில் என்ன பங்குக்குச் செல்கிறார் என்பதைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களேனும் ஏட்டில் பதிந்து வைக்கலாம். நாளை வழக்கென்று வந்தால், கால் இழந்தவனிடம் காட்டுவதற்கு அந்த ஒரு வரியாவது இருக்கும்.