முள் நகர மறுக்கும் வாரங்கள்

அசோக் நகரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வெளியே வந்து பாருங்கள். அசோக் பில்லர் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சிங்கங்கள் மட்டும்தான் அசையாமல் இருக்கும். மற்றபடி கான்வாஸ் ஷூவும் மங்கி குல்லாவுமாக ஒவ்வொரு அவென்யூவிலும் ஜனங்கள் விறுவிறுவென்று நடந்துகொண்டிருப்பார்கள். ஜனவரி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம், திருவிழாக் கூட்டம்! மாசி பிறப்பதற்குள் பல முகங்களைக் காணோம்.

சோம்பேறித்தனம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவர்களில் பலர் நடையை விட்டது, எடை குறையவில்லை என்பதால் அல்ல. மளமளவென்று குறைந்துகொண்டு வந்த எடை, திடீரென்று பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டதால்!

முதல் மாதம் மூன்று கிலோ குறைகிறது. பேன்ட் லூஸாகிறது. 'என்ன சார், இளைச்சுட்டீங்களே?' என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார். இரண்டாவது மாதம் ஒரு கிலோ. மூன்றாவது மாதம் முள் அப்படியே நிற்கிறது. அதே நடை, அதே இரண்டு சப்பாத்தி. முதலில் மெஷின் மீது சந்தேகம் வருகிறது. பிறகு டாக்டர் மீது. கடைசியில் தன் மீதே. 'நமக்கெல்லாம் இது ஒத்து வராது' என்று ஷூவைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறோம்.

அந்த ஷூவை மறுபடி மாட்டிக்கொள்வதற்கு முன்னால், கொஞ்சம் சரித்திரம் பார்ப்போமா?

1862. லண்டனில் வில்லியம் பேண்டிங் என்றொரு பெரியவர். தொழில், இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்வது. லேசுப்பட்ட குடும்பம் இல்லை. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலத்தையே நடத்திக் கொடுத்தவர்கள்! உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 202 பவுண்டு. அதாவது, கிட்டத்தட்ட 92 கிலோ. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். இளைப்பதற்காகக் காலையில் படகு வலித்துப் பார்த்தார். பலன்? பசி பயங்கரமாக எடுத்தது! (வாக்கிங் முடித்த கையோடு பொங்கல்-வடைக்கு உட்காருகிறவர்களுக்கு இது புரியும்.)

காது மந்தமாக இருக்கிறதே என்று வில்லியம் ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். அவர் காதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் தடை. ஒரு வருஷத்தில் பேண்டிங் இழந்தது 46 பவுண்டு! 1863-ல் தன் அனுபவத்தைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, முதலில் இலவசமாகவே விநியோகித்தார். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. 'டயட்டில் இருப்பது' என்பதற்கு அவர் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாக்கிவிட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் எல்லோரும் பார்த்தது அந்த 46-ஐத்தான். பேண்டிங் நேர்மையாகக் கொடுத்திருந்த அட்டவணையை நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்துக் குறித்திருக்கிறார் மனிதர். ஒருமுறை நான்கு பவுண்டு, பிறகு மூன்று, பிறகு இரண்டு, திரும்பவும் மூன்று... ஒரு வருஷம் இப்படித்தான் எறும்பு ஊர்ந்திருக்கிறது. அவர் கெட்டிக்காரர் என்பதைவிட, நிதானஸ்தர் என்பதுதான் விஷயம்.

சரி, வேகம் ஏன் குறைகிறது?

முதல் காரணம், தண்ணீர். உடம்பு அவசரத் தேவைக்காக ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைச் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் தண்ணீராவது ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது இந்தக் கையிருப்புதான். முதல் மாதத்து மூன்று கிலோவில் கணிசமான பங்கு வெறும் தண்ணீர்! இரண்டாவது காரணம், சின்ன உடம்புக்குச் செலவும் சின்னது. 85 கிலோவைச் சுமந்து நடப்பதற்கு ஆகும் சக்தி, 78 கிலோவைச் சுமக்க ஆகாது. மூன்றாவது காரணம்தான் விசேஷம். அது, உடம்பின் சிக்கனம். அதைப் புரிந்துகொள்ள நாம் லண்டனிலிருந்து சென்னைக்கு வரவேண்டும்.

பறக்கும் ரயிலில் திருமயிலையைத் தாண்டும்போது கீழே ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டு, 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கூலிக்கு மண் சுமந்தவர்கள், ஊரை விட்டுப் பட்டினியோடு வந்த ஜனங்கள். நம் கொள்ளுப்பாட்டிகள் பேசிக்கொண்ட 'தாது வருஷப் பஞ்சம்' அதுதான்.

அப்போது நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வைத்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் 1874-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது தாராளமாக அரிசி இறக்குமதி செய்து உயிர்களைக் காப்பாற்றியவர். அதற்குக் கிடைத்த பரிசு, 'செலவாளி' என்ற திட்டு! சென்னைக்கு வரும்போது ஆளே மாறியிருந்தார். 1877 ஜனவரியில் அவர் நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசு, மேற்கொண்டு கொஞ்சம் சில்லறை. இதை வாங்கிக்கொண்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும்.

எதிர்த்து நின்றவர் இன்னொரு வெள்ளைக்காரர். சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர், டாக்டர் கார்னிஷ். உழைக்கிற உடம்புக்கு ஒன்றரை பவுண்டு தானியமாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். இதில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? அரைப்பட்டினியின் பாதிப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது! உடம்பு சில வாரங்கள் சமாளிக்கும். அதைப் பார்த்து 'போதும் போலிருக்கிறதே' என்று அதிகாரிகள் நினைத்துக்கொள்ளலாம். சில மாதங்களில் சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் போன உயிர்கள் போனதுதான். அந்தப் பஞ்சத்தில் மடிந்தவர்கள் பல லட்சம்.

உங்கள் டயட்டையும் அந்தக் கொடுமையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது. ஆனால் நம் உடம்பு, பஞ்சங்களைத் தாண்டித் தாண்டி வந்த உடம்பு. வரவு குறைந்தால் அதற்குக் காரணம் வானம் பொய்த்ததா, நீங்கள் ஜிம்மில் சேர்ந்ததா என்று அது விசாரிப்பதில்லை. செலவைக் குறைக்க ஆரம்பித்துவிடுகிறது.

எவ்வளவு குறைக்கும்? அதை அளந்து பார்த்தவர் ஆன்செல் கீஸ். இரண்டாம் உலகப் போர் முடியப்போகிறது, ஐரோப்பா முழுக்கப் பட்டினி. அவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ள, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை. கொள்கைக்காகத் துப்பாக்கி தூக்க மறுத்த 36 இளைஞர்கள், தாங்களாகவே முன்வந்து பட்டினி கிடக்கச் சம்மதித்தார்கள். வழக்கமாக 3,200 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, 1945 பிப்ரவரியிலிருந்து 24 வாரங்களுக்குச் சராசரியாக 1,570 கலோரி. வாரத்துக்கு 22 மைல் நடை வேறு.

ஒரு நிமிடம். டெம்பிளின் ஒரு பவுண்டு அரிசியில் எவ்வளவு கலோரி? சுமார் 1,600! அமெரிக்க விஞ்ஞானி 'அரைப்பட்டினி' என்று பெயர் வைத்த அளவைத்தான், 68 வருடங்களுக்கு முன்னால் நம் ஊரில் 'கூலி' என்று கொடுத்திருக்கிறார்கள்.

அந்த 24 வாரங்களில் இளைஞர்கள் தங்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். முதல் வாரங்களில் எடை சரசரவென்று இறங்கியது, போகப்போக மெதுவானது, கடைசியில் கோடு கிட்டத்தட்ட படுத்துவிட்டது. இப்படித்தான் ஆகும் என்று எதிர்பார்த்துத்தான் கீஸ் முன்கூட்டியே வரைபடம் போட்டு வைத்திருந்தார்! சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி சுமார் 40 சதவீதம் குறைந்துபோனது. நாடித்துடிப்பு தளர்ந்தது. கோடைகாலத்திலும் குளிர்கிறது என்று போர்வை கேட்டார்கள். தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை நாவல் மாதிரி படித்தார்கள். இத்தனைக்கும் திடமான மனசுக்காரர்கள். அவர்களுடைய மன உறுதி குறைந்ததால் கோடு படுக்கவில்லை. உடம்பின் சிக்கனம் அப்படி.

ஆகவே, முள் நின்றதும் 'இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்ப்போமே' என்று இரண்டு சப்பாத்தியை ஒன்றாக்குவது புத்திசாலித்தனம் இல்லை. உடம்பு இன்னும் சிக்கனமாகும். பசி இன்னும் கத்தும். ஒருநாள் கல்யாண வீட்டுப் பந்தியில் அணை உடையும்.

அதேசமயம், 'என் உடம்பே இப்படி, என்ன செய்தாலும் இறங்காது' என்பதும் சரியில்லை. சிக்கனம் வேகத்தைக் குறைக்குமே தவிர, கணக்கை மாற்றி எழுதாது. நமக்கே தெரியாமல் நடக்கிற இன்னொரு விஷயமும் உண்டு. முதல் மாதம் அளந்து போட்ட எண்ணெய், நாலாவது மாதம் கண் அளவில் விழுகிறது. ஆபீஸ் பிறந்தநாள் கேக், 'ஒரே ஒரு' பஜ்ஜி. கை தளர்வதை மனசு கணக்கில் எழுதுவதில்லை!

கணக்கிலேயே ஒரு கோளாறு இருந்தது என்பது இன்னொரு வேடிக்கை. ஒரு பவுண்டு எடை என்பது 3,500 கலோரி என்று 1958-ல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற டாக்டர் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு உலகமே பெருக்கல் போட்டது. தினம் 100 கலோரி குறைத்தால் வருஷத்துக்குப் பத்து பவுண்டு. அப்படியானால் இருபது வருஷத்தில் 200 பவுண்டு. ஆளே காணாமல் போய்விட வேண்டுமே! 2011-ல் கெவின் ஹால் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் சகாக்களும் இதைத் திருத்தினார்கள். தினம் 100 கலோரி குறைத்தால் மொத்தம் குறைவதே சுமார் பத்து பவுண்டுதான். அதில் பாதி இறங்க ஒரு வருஷம், கிட்டத்தட்ட முழுசும் இறங்க மூன்று வருஷம்! நாம் மூன்றாவது மாதமே ரிசல்ட் கேட்கிறோம்.

எல்லாம் சரி, மூன்று வருஷம் மனசை யார் இழுத்துப் பிடிப்பது?

நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்று ஓர் இல்லத்தரசி. 1961-ல் அவர் எடை 214 பவுண்டு, அதாவது 97 கிலோ. நகர சுகாதாரத் துறை நடத்திய கிளினிக்கில் சேர்ந்தார். இருபது பவுண்டு இறங்கியது. அப்புறம் மனசு தளர ஆரம்பித்தது. வீட்டில் அழுக்குத் துணிக் கூடைக்குள் பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தின்கிறவர் அவர்! அந்த ரகசியத்தை டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. வேறு யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்தது. தன்னைப்போலவே குண்டாக இருந்த ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டார். கூடையைப் பற்றிச் சொன்னார். அவ்வளவுதான், அவரவர் ஒளித்து வைத்திருந்த கதைகள் வெளியே வந்தன. அடுத்த வாரமும் கூடினார்கள். அதற்கடுத்த வாரம் கூட்டம் பெருகியது.

1962 அக்டோபரில் ஜீன் 142 பவுண்டுக்கு வந்துவிட்டார். 1963-ல் அந்த வரவேற்பறைக் கூட்டம் 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற கம்பெனியாகி, உலகம் முழுக்கப் பரவியது. ஜீன் 2015-ல், 91 வயதில் காலமானார். அவர் புதிதாக எந்த டயட்டையும் கண்டுபிடிக்கவில்லை. கிளினிக்கில் கொடுத்த அதே தாள்தான். அவர் கண்டுபிடித்தது, முள் நிற்கிற வாரத்தில் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதை!

1994-லிருந்து அமெரிக்காவில் ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். குறைந்தது 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷமாவது அதைக் காப்பாற்றியவர்கள்தான் அதில் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் காணப்பட்ட பழக்கங்களில் மந்திரம் எதுவும் இல்லை. தினம் ஒரு மணி நேரம் போல உடற்பயிற்சி, பெரும்பாலும் நடை. வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பது. காலை டிபனைத் தவிர்க்காமல் சாப்பிடுவது. எடை இறங்குகிற காலம் கொஞ்சம்தான், எடை நிற்கிற காலம்தான் மிச்ச ஆயுசு முழுக்க என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

ஆகவே, முள் நின்றுவிட்டால் பதறாதீர்கள். சாப்பாட்டைக் குறைக்கும் முன், இரண்டு வாரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் நேர்மையாக எழுதிப் பாருங்கள், அந்த 'ஒரே ஒரு' பஜ்ஜி உட்பட. முள் பேசாத விஷயங்களையும் எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவு, மாடி ஏறும்போது மூச்சு, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். தனியாக நடக்கிறவர் என்றால், தெருவில் ஒருவரைத் துணைக்குப் பிடியுங்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நின்றுபோன அந்த முள், நீங்கள் தோற்றுவிட்டதற்கான அறிவிப்பு அல்ல. உங்களுக்கு முன்னால் எத்தனையோ தாது வருஷங்களைத் தாண்டி வந்த ஓர் உடம்பு, 'கொஞ்சம் பொறு, பஞ்சம் இல்லை என்று தெரிந்துகொள்கிறேன்' என்று சொல்கிறது. பயமுறுத்தாமல், பட்டினி போடாமல், தினமும் அதை வாக்கிங் அழைத்துப்போய்ப் புரிய வையுங்கள்!