மூல நிரலை மறைத்து வழங்கல்: டென்மார்க்கின் பட்டறிவும் தமிழ்க் கணிமையும்

தமிழியல் ஆய்வில் டென்மார்க் என்றவுடன் தரங்கம்பாடியே நினைவுக்கு வரும். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஏற்பட்ட உடன்படிக்கை, 1706இல் சீகன்பால்குவின் வருகை, 1713இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் ஆகியவை நன்கு ஆராயப்பட்டவை. அவ்வெழுத்துகள் அளவிற் பெரியன. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிடக் காகிதம் கட்டுப்படியாகாது. எழுத்தைப் பெற்றவர் அதைக் கோக்கலாம், அச்சிடலாம், சிறிதாக்க இயலாது. வார்ப்புக் கலையறிந்த ஆட்லர் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தளித்தார். நூல் 1715இல் முழுமையுற்றது. முடிந்த பொருளைப் பெறுவதற்கும் அதை ஆக்கும் வழியைப் பெறுவதற்கும் இடையிலான இவ்வேறுபாடு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே டென்மார்க்கின் கணினியாளரிடையே வேறு வடிவில் எழுந்தது.

கோபன்கேகனில் பிறந்த ஆண்டர்ஸ் எயில்சுபர்க் எழுதிய பாசுகல் தொகுப்பியே 1983 நவம்பரில் போர்லண்டு நிறுவனத்தின் வழியாக டர்போ பாசுகல் என்னும் பெயரில் 49.95 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. போர்லண்டின் நிறுவனர்களுள்ளும் டேனியர் இருந்தனர் என்பது இங்கே கருதத்தக்கது. 1987இல் வெளிவந்த நான்காம் பதிப்பு ‘அலகு’ என்னும் அமைப்பைக் கொணர்ந்தது. ஓர் அலகுக்கு இரு பகுதிகள் உண்டு. வெளியார் அழைக்கத்தக்க செயற்கூறுகளின் பெயரும் அளபுருக்களும் இடைமுகப் பகுதியில் நிற்கும். அவை எவ்வாறு இயங்குகின்றன என்பது செயலாக்கப் பகுதியில் அடங்கும். தொகுக்கப்பட்ட அலகை மட்டும் இருமக் கோப்பாக விற்று, இடைமுகத்தை ஏட்டில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். வாங்குபவர் பயன்படுத்துவார், மூல நிரலைக் காணார். சிறு நிறுவனங்களுக்கு இது பெருவாய்ப்பாயிற்று.

ஆயினும் ஒரு தொல்லை இருந்தது. தொகுக்கப்பட்ட அலகின் வடிவம் தொகுப்பியின் பதிப்புக்குப் பதிப்பு மாறியது. நான்காம் பதிப்பில் தொகுத்ததை ஐந்தாம் பதிப்பு ஏற்காது. மூல நிரலை வைத்திருந்தவர் மறுபடி தொகுத்துக்கொண்டார். இருமக் கோப்பை மட்டும் வாங்கியவர் விற்றவரின் கையை எதிர்நோக்கினார். விற்றவர் தொழிலைக் கைவிட்டிருப்பின், வாங்கியவரின் நிரலும் பழைய தொகுப்பியோடு தேங்கியது. மறைத்தலின் விலையைச் செலுத்தியவர் பெரும்பாலும் மறைத்தவரல்லர்.

இவ்விடத்தில் பீட்டர் நௌர் 1985இல் எழுதிய கட்டுரையை நோக்குதல் வேண்டும். அல்கோல் 60 அறிக்கையின் பதிப்பாசிரியராகிய இவர், கோபன்கேகனின் ரெக்னசென்ட்ராலனில் பணியாற்றிப் பின் பல்கலைக்கழகப் பேராசிரியரானவர்; 2005ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவர். ஒரு குழுவினர் எழுதிய தொகுப்பியை மற்றொரு குழுவினர் விரிவாக்க முனைந்த நிகழ்வை அவர் எடுத்துக்காட்டுகிறார். இரண்டாம் குழுவிடம் விளக்கக் குறிப்புகளோடு கூடிய முழு மூல நிரலும் இருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் முன்வைத்த திருத்தங்கள் மூல அமைப்பின் வலிமையைப் பயன்கொள்ளாமல் அதைச் சிதைப்பனவாகவே அமைந்தன. நிரல் என்பது ஏட்டிலன்று, ஆக்கியோரின் அறிவிலேயே வாழ்கிறது என்பது நௌரின் முடிவு. அம்முடிவை ஏற்பின், மூல நிரலைக் காட்டுவதால் தொழில் முழுவதும் களவுபோகும் என்னும் அச்சம் மிகையானது. இருமக் கோப்பை மட்டும் பெறுபவரின் நிலையோ இரு மடங்கு வறியது.

ஆர்கசைச் சேர்ந்த லார்ஸ் பாக்கின் பணி இதனை வேறு திசையில் நகர்த்தியது. சன் நிறுவனத்தில் ஆட்ஸ்பாட் சாவா மெய்நிகர் பொறியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராகிய அவர், ஆர்கசுக்குத் திரும்பி, 2008 செப்டம்பரில் குரோம் உலாவியோடு வெளிவந்த வி8 பொறிக்குத் தலைமை தாங்கினார். சாவாவின் இடைநிலைக் குறிகளில் வகுப்புகளின் பெயர்களும் அமைப்பும் தங்கிவிடுவதால் அவற்றிலிருந்து மூலத்தை ஏறத்தாழ மீட்டெடுக்கலாம். பெயர்களைக் குலைக்கும் கருவிகள் தோன்றியதற்கு இதுவே காரணம். 2011 அக்டோபரில் ஆர்கசு மாநாட்டொன்றில் பாக்கும் கிலாட் பிராக்காவும் அறிமுகப்படுத்திய தார்ட் மொழி இன்று கைபேசிச் செயலிகளில் பரவியுள்ளது. முழுச் செயலி எந்திரக் குறியாகத் தொகுக்கப்படுகிறது. நூலகங்களோ மூல நிரலாகவே பகிரப்படுகின்றன. மறைக்க விழைவோர் உட்கருவைச் சி மொழியில் எழுதி, ஒவ்வொரு செயலி வகைக்கும் தனித்தனி இருமக் கோப்பாக்கி, குறியீட்டுப் பெயர்களை நீக்கி, மேலே மெல்லிய தார்ட் உறையொன்றை இடுகின்றனர். இதுவும் முழுக் காப்பன்று. எந்திரக் குறியையும் பொறுமையுள்ளோர் பிரித்துப் படிக்கலாம்.

அவ்வாறு படிக்கும் உரிமைக்கு எல்லையும் வகுக்கப்பட்டுள்ளது. 1991ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் பிறந்து 2009இல் புதுவடிவம் பெற்ற ஐரோப்பிய நெறியாணையின் ஆறாம் பிரிவு, தனித்தெழுதப்பட்ட வேறொரு நிரலோடு இணைந்து இயங்கச் செய்யும் நோக்கத்துக்காக மட்டும், வேறு வழியில் தகவல் கிட்டாதபோது, மீள்தொகுப்பை இசைக்கிறது. டென்மார்க் இதற்குக் கட்டுப்பட்டது. ஒப்பந்தத்தின் மூலமும் இவ்வுரிமையைப் பறிக்கவியலாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இதையொத்த விலக்கைத் தருகிறது. தமிழ்க் கணிமையர் இவ்விதியைப் போதிய அளவு கையாளவில்லை எனலாம்.

தமிழுக்கு இது ஏட்டுச் சிக்கலன்று. 1990களில் எழுத்துருதோறும் தனிக் குறியேற்றம் நிலவியது; தட்டச்சு மென்பொருள்கள் பல இயங்கு கோப்புகளாகவே கிடைத்தன. சென்னையில் 1999இல் நடந்த தமிழிணையம் மாநாடு தாம், தாப் குறியேற்றங்களை முன்வைத்தது. பின்னர் ஒருங்குறி வேரூன்றியது. இன்று அதே நிலை சொல்திருத்தி, பேச்சறிதல், ஒளிவழி எழுத்துணரி ஆகியவற்றின் கைபேசி நூலகங்களில் திரும்புகிறது. இவற்றுக்குப் பொது நல்கை வழங்கும் பல்கலைக்கழகங்கள், மூல நிரலை மூன்றாம் தரப்பிடம் வைப்பாக ஒப்படைக்கும் விதியை உடன்படிக்கையில் சேர்க்கலாம். வணிக உலகில் இம்முறை நெடுநாள் வழக்கு. ஆக்கியவர் தொழிலை நிறுத்தினால் வைப்பு திறக்கப்படும். நௌரின் கருத்தை மனங்கொண்டால், அவ்வைப்பில் நிரலோடு தொகுக்கும் கருவிகளின் பதிப்பு எண்களும், பயிற்சித் தரவும், ஆக்கியோர் ஆண்டுக்கொருமுறை மாணவர்க்கு நடத்தும் பயிலரங்கின் பதிவுகளும் இடம்பெற வேண்டும்.