ஹுன்னஸ்கிரிய: போட்டோவுக்குள்ள வராத கதை

ஹுன்னஸ்கிரியவுல பஸ்ஸ விட்டு இறங்கினா எல்லாரும் முதல்ல போட்டோ எடுக்கிறது மலையையும் மூடுபனியையும்தான். ஆனா கண்டி மன்னர்களுக்கு இந்தத் தும்பற மலைகள் வெறும் காட்சி இல்லை, மதில். எதிரி தலைநகருக்குள் புகுந்தால் இந்தப் பக்கமும் ஒதுங்குவார்கள்.

1815இலும் அப்படித்தான். ஆனா அந்த முறை மலை காப்பாற்றவில்லை. நாயக்க வம்சத்து கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பெப்ரவரி 18ஆம் திகதி, பக்கத்திலுள்ள மெதமஹநுவரவில் பிடிபட்டான். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான்.

பிறகு ஆங்கிலேயர் மலைநாட்டுக் காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள். அது நோயில் அழிய, தேயிலை வந்தது. அந்த வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவங்கதான் எங்க முன்னோர். மன்னன் கடல் தாண்டிப் போன திசைக்கு எதிர்த்திசையில வந்தவங்க.

அடுத்த முறை அங்க போட்டோ எடுக்கிறப்ப, அந்த ரெண்டு பயணத்தையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.