பினாங்கின் காற்பந்துக் கையொப்பங்கள்: சேகரிப்பும் மதிப்பீடும்

பினாங்கில் காற்பந்துக் கையொப்பங்களின் வரலாறு மலேசியக் கிண்ணத்தின் வரலாற்றோடு பிணைந்தது. 1921இல் மலாயாவுக்கு வந்த ‘எச்.எம்.எஸ். மலாயா’ போர்க்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும் அன்பளிப்பாக அளித்த கிண்ணத்துக்காக அந்த ஆண்டே போட்டி தொடங்கியது. பினாங்கு அதை 1953, 1954, 1958, 1974 என நான்கு முறை வென்றது. உள்ளூர்ச் சேகரிப்பில் இந்த நான்கு அணிகளின் கையொப்பங்களுக்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

ஐம்பதுகளில் கையொப்பம் ஒரு விலைப்பொருள் அல்ல. ஆட்ட நிகழ்ச்சி நூலிலோ அணிப் படத்தின் பின்புறத்திலோ ஆட்டோகிராப் புத்தகத்திலோ ரசிகரின் பெயரைக் குறிப்பிட்டே ஆட்டக்காரர் எழுதிக்கொடுப்பார். அப்படிப் பெயரிட்டு எழுதியதற்கு இன்றைய ஏலச் சந்தையில் விலை சற்றுக் குறைவு. ஆனால் உண்மைத்தன்மைக்கு அது நல்ல அறிகுறி. மொத்தமாக விற்கப் போலி செய்பவர் யாரோ ஒருவரின் பெயரை எழுதிச் சந்தையைச் சுருக்கிக்கொள்வது அரிது.

எழுபதுகளின் பினாங்கு அணி வேறொரு சிக்கலைத் தருகிறது. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு ஆடிய நமாட் அப்துல்லாவும் ஷாஹாருதீன் அப்துல்லாவும் உடன்பிறந்தோர். அலி பாக்கார், இசா பாக்கார் இருவரும் உடன்பிறந்தோரே. அவசரக் கிறுக்கலில் ‘பாக்கார்’ என்பது மட்டும் தெளிவாக இருந்தால் அது எவருடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. முதல் எழுத்தின் வளைவை, ஐயத்துக்கு இடமில்லாத வேறு மாதிரிகளோடு ஒப்பிட்டே முடிவுக்கு வரலாம். மாநில எல்லையைத் தாண்டினால் அருமை என்பதன் பொருளும் மாறுகிறது. ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட தேசியக் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். தேசிய ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி 1991இல் காலமானார். இவர்கள் பிற்காலச் சந்தைக்காக உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் கையொப்பமிடும் காலம் வரவே இல்லை.

காலக்கணிப்புக்கு மலேசியாவிலேயே பல சான்றுகள் கிடைக்கின்றன. போட்டி ‘மலேசியக் கிண்ணம்’ ஆனது 1967இல். ஜார்ஜ் டவுன் மாநகரானது 1957 ஜனவரி 1இல். எனவே 1954ஆம் ஆண்டினது என்று காட்டப்படும் தாளில் மாநகர மன்றத்தின் பெயர் இருந்தால் அந்தத் தாளைத் தள்ளிவிடலாம். நுழைவுச்சீட்டில் ‘ஆர்.எம்.’ என்ற நாணயக் குறி 1993க்குப் பிந்தையது. 1972இன் மலாய் எழுத்துச் சீர்திருத்தம் இன்னும் நுட்பமான அளவுகோல். அதற்குப் பிறகும் பழைய எழுத்துமுறை கைப்பழக்கமாக நீடித்ததால், 1974இன் நிகழ்ச்சி நூலில் பழைய எழுத்து இருப்பது குற்றமல்ல. அறுபதுகளின் நூலில் புதிய எழுத்து இருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

தாள் பழையது என்பதால் கையொப்பமும் பழையதாகிவிடாது. பால்பாயின்ட் பேனா 1945இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஃபெல்ட் முனைப் பேனாவும் மார்க்கரும் அறுபதுகளில் பரவின. 1953இன் அணிப் படத்தில் மார்க்கர் மை தெரிந்தால் அது பின்னாளில் இட்ட கையொப்பமாகவோ போலியாகவோ இருக்கும். முன்னதை விற்பவர் அதை அப்படியே சொல்லிவிட்டால் குறையில்லை. உருப்பெருக்கியில் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. எழுதிய கோட்டில் அழுத்தம் ஏறி இறங்கும், முடிவில் மெலியும். பார்த்து வரைந்ததில் நடுக்கமும், தேவையற்ற இடத்தில் பேனாவைத் தூக்கிய தடமும் தெரியும். ஒரே பந்தில் பதினொருவர் பெயரும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருப்பது நல்லதுக்கல்ல.

போலித் தொழில் எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தொண்ணூறுகளில் நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ காட்டியது. பறிமுதலானவற்றில் அன்னை தெரசாவின் பெயரில் கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன! அதன்பின் சந்தை கையெழுத்தை மட்டும் நம்பாமல் பொருளின் கைமாற்ற வரலாற்றையும் கேட்கத் தொடங்கியது. 1986 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த சட்டை 2022 மே மாதம் சோதபீஸ் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. முற்பாதியில் அணிந்ததா, பிற்பாதியில் அணிந்ததா என்ற சர்ச்சையில் ஏல நிறுவனம் சான்றாகக் காட்டியது, துணியின் நுண்விவரங்களை அன்றைய படங்களோடு வைத்துப் பார்த்த ஒப்பீட்டை.

பினாங்கில் ஆட்டச் சட்டைகளைச் சேகரிக்கும் இந்த யுகம் பத்து காவான் காலத்தை ஒட்டியே வருகிறது. தோட்டப்புறமாக இருந்த பத்து காவானில் 2000ஆம் ஆண்டு மலேசிய சுக்மா விளையாட்டுகளுக்காக 40,000 பேர் அமரும் மாநில அரங்கம் எழுந்தது. பினாங்கு 1998இலும் 2001இலும் லீக்கையும் 2002இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. விற்பவர் சொல்லும் கதையைச் சோதிக்க இந்த ஆண்டுகளே உதவும்: 1998 லீக் வெற்றி அணியினர் அந்த ஆண்டே பத்து காவான் அரங்கில் கையொப்பமிட்டார்கள் என்றால் கதை நிற்காது. பினாங்கு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி 2016 பிப்ரவரி 16இல் பஹாங்குக்கு எதிராக அடித்த ஃப்ரீ கிக், அடுத்த ஆண்டு ஜனவரியில் சூரிக்கில் ஃபிஃபாவின் புஷ்காஷ் விருதைப் பெற்றது. அந்த ஆட்டம் நடந்ததோ தீவுப்பகுதியில், ஜார்ஜ் டவுனின் மாநகர அரங்கத்தில். அந்தக் கோலைப் பத்து காவானோடு சேர்த்துச் சொல்லும் சான்றிதழ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மதிப்பில்லை. அன்று ஆடிய சட்டை, அதே மாதிரி வேறொரு சட்டை, கடையில் வாங்கிய பிரதி ஆகிய மூன்றிலும் அவருடைய கையொப்பம் அசலாகவே இருக்கலாம். விலை ஒன்றாக இருக்காது. முதல் வகையைப் பிரித்தறிய ஆட்டப் பதிவில் எண்ணின் ஒட்டு, தையல், விளம்பரச் சின்னத்தின் சாய்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பினாங்கின் ஈரக்காற்றில் தாளில் பழுப்புப் புள்ளிகள் விழும், பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். இதற்கு அஞ்சிப் பலர் செய்யும் லேமினேஷன்தான் பெருங்கேடு: வெப்பத்தில் ஒட்டிய உறையைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது, மையைச் சோதிக்கவும் வழியிருக்காது. அமிலமற்ற தாளுறையும், வெயில் படாத, காற்றோட்டமுள்ள அலமாரியும் போதுமானவை. சட்டையைச் சட்டமிட்டு மாட்டுவதானால் துணி கண்ணாடியில் படாதபடி இடைவெளி விட வேண்டும். இல்லையெனில் உள்ளே தேங்கும் ஈரத்தில் துணியில் பூஞ்சை படரும், மையும் கசியக்கூடும்.