மணலில் எழுதிய விரல்

நம் தவளக்குப்பத்துக்கு வடக்கே ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியில் எழுத்து வழங்கியதற்கு இவை சான்று. ஆயினும் அந்த எழுத்து எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறோம்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினார்கள். விரல் எழுதும்போதே வாய் அதன் ஓசையைச் சொல்லும். கண்ணும் காதும் கையும் ஒருசேரப் பழகும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற குருவானவர் இம்முறையைக் கண்டு, தம் பள்ளியில் கையாண்டார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று.

படிப்போருக்கு இருந்த மற்றோர் இடரை வீரமாமுனிவர் (1680–1747) நீக்கினார். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதுவது வழக்கம். ஆதலால் 'கெடு' எது, 'கேடு' எது என்று கண் மயங்கும். நெடிலுக்குத் தனிக் கொம்பு தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தவர் அவரே.

ஆனால் திண்ணையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். எல்லாச் சாதியாருக்கும் அங்கு இடமில்லை. இந்நிலையில் 1844-இல் புதுவையில் துப்புய் அடிகளார், பெண்பிள்ளைகளின் கல்விக்கென்றே மரியாயின் மாசற்ற இருதய கன்னியர் சபையை நிறுவினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. எல்லாக் குடியினருக்கும் கதவு ஒரே நாளில் திறந்துவிடவில்லை. ஆனாலும் திறந்த கதவு பின்னர் மூடப்படவில்லை.

2021 ஜூலையில் நடுவண் அரசு 'நிபுண் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. 2026-27-ஆம் கல்வியாண்டுக்குள், மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பானையில் பெயர் எழுதிய மண்ணில் இன்றும் இப்படி ஓர் இலக்கு வேண்டியிருக்கிறதே என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்பார்ந்த பங்கு மக்களே! இப்பணியைப் பள்ளி ஆசிரியர்களின் தலையில் மட்டும் சுமத்திவிட வேண்டாம். மாலையில் கால்மணி நேரம் வீட்டின் மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளை ஆகட்டும். ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, தம்பி தங்கையின் விரலைப் பிடித்து எழுதச் செய்து, ஓசையையும் சொல்ல வைக்கட்டும். எழுத்தறியாத தாயும் "படி கண்ணு, கேட்கிறேன்" என்று பக்கத்தில் அமரலாம். கேட்பவர் ஒருவர் இருந்தால் பிள்ளை படிக்கும். யூபிலி ஆண்டில் நம் பங்கின் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குரல் கேட்குமாக!