விரல் காயமும் வீட்டு வைத்தியமும்

தமிழகத்து வேளாண் வாழ்வில் விரல் காயம் தொழிலோடு ஒட்டியது. கருக்கரிவாளால் நெல் அறுக்கும்போது தாளைச் சேர்த்துப் பிடிக்கும் இடக்கை விரல்களும், அரிவாள்மணையில் காய் அரியும்போது விரல் நுனிகளும் அடிக்கடி வெட்டுப்பட்டதால், மருந்தை வரப்பிலும் அடுப்படியிலுமே தேடிக்கொள்ளும் வழக்கம் உருவாயிற்று. இவ்வழக்கம் முழுவதையும் பாட்டி வைத்தியம் என்று ஒரே பெயரில் அடக்கி, தொன்றுதொட்டு மாறாமல் வருவதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் அதில் பயன்படும் பொருள்களைத் தனித்தனியே நோக்கினால், அவை வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தவை என்பது புலப்படும்.

இவற்றுள் பழமை மிக்கது மஞ்சள். மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துக் காயத்தில் தடவி, பழைய வேட்டிக் கிழிசலால் கட்டும் முறை இந்தியாவின் பல பகுதிகளுக்கும் பொதுவானது. ஆயினும் 1995இல், காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை, அதாவது புதிய கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலம்வரை பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை, வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அடுத்த ஆண்டே அதை எதிர்த்துப் பழைய நூல்கள், மருத்துவ இதழ்கள் ஆகியவற்றிலிருந்து 32 சான்றுகளை முன்வைக்க, 1997இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அவ்வுரிமையை நிராகரித்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கைப்பழக்கமாகக் காத்துவந்த அறிவு, அச்சில் ஏறியிருந்த அளவுக்கே அங்கு சான்றாகச் செல்லுபடியானது என்பது வருந்தத்தக்கது.

மஞ்சளைப் போலவே பழமையானதாகத் தோன்றும் வெட்டுக்காயப் பூண்டின் வரலாறோ வேறு. கிணற்றடிப் பூண்டு என்றும் அழைக்கப்படும் இது, தரையோடு படர்ந்து, சொரசொரப்பான இலைகளும், நீண்ட காம்பின் நுனியில் மஞ்சள் நடுவும் வெளிர் இதழ்களும் கொண்ட சிறு பூவும் தாங்கி நிற்கும் களைச்செடி. இலைகளைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, பச்சைச் சாற்றை வெட்டுவாயில் பிழிந்து, சக்கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடிப்பது அறுவடைக் களத்தின் உடனடி வைத்தியம். இச்செடியின் தாயகம் மெக்சிகோவை உள்ளிட்ட வெப்பமண்டல அமெரிக்கா. பஞ்சு போன்ற குச்சத்தோடு காற்றில் பறக்கும் விதைகளால் வரப்பெங்கும் பரவிய இந்த அயல்செடியின் பயனைக் கண்டு, தங்கள் மொழியில் பெயரிட்டு, மருந்தாக்கிக்கொண்டவர்கள் உழவர்களே. பாட்டி வைத்தியத்தை வெறும் மரபுப் பாதுகாப்பாகப் பார்ப்பவர்கள் அதிலுள்ள இந்தத் தேடலைக் காணத் தவறுகின்றனர்.

குருதியை நிறுத்தக் காப்பித்தூளை அப்பும் வழக்கமும் பிற்காலத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே காப்பி தமிழர் வீடுகளில் பரவலாக நுழைந்தது. நகக்கண்ணில் சீழ் கட்டும் நகச்சுற்றுக்கு, எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் தொப்பிபோல் செருகும் முறையும் இன்றுவரை நீடிக்கிறது.

இம்முறைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதற்கில்லை. சாம்பலையும் மண்ணையும் சாணத்தையும் காயத்தில் வைத்த வழக்கம் உயிருக்கே உலை வைத்தது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் நுண்ணுயிர் காயத்தின் வழியே புகுந்து, தாடையை இறுக்கி, உடலை வில்லாக வளைக்கும் இரணஜன்னியை உண்டாக்குகிறது. அந்நுண்ணுயிரை ஜப்பானிய நுண்ணுயிரியலாளர் கித்தசாதோ ஷிபாசபுரோ 1889இல் தனியே பிரித்து வளர்த்தார். 1920களில் அந்நோய்க்கான தடுப்பூசி உருவானது. இந்தியாவில் 1978இல் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெற்றது. அதன்பின் சிற்றூர்களிலும் துருப்பிடித்த தகரம் விரலைக் கிழித்தால், காயத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவியதும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு டி.டி. எனப்படும் இரணஜன்னித் தடுப்பூசிக்காகச் செல்வது, மஞ்சள் தடவுவதைப் போலவே வீட்டுப் பழக்கமாயிற்று.