அம்பது ரூபாய் பேரமும் ஆறு பழைய சூளைகளும்

கெலமங்கலத்துல இருந்து பேசுறேன். பின்னாடி அப்பப்போ லாரி சத்தம் கேட்கும், வீடு ரோட்டு மேலயே இருக்கு, பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு ஜப்பானிய மட்பாண்டங்களைப் பத்திப் பேசப் போறோம். எங்க பக்கம் ஜப்பான் ஒண்ணும் புதுசு இல்ல. ஓசூர் தொழிற்பேட்டையில வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் 'கைசென்', 'ஃபைவ் எஸ்' ரெண்டும் தெரியும். டிவிஎஸ் மோட்டார் 2002ல டெமிங் பரிசு வாங்கினது இங்க எல்லாருக்கும் பெருமை. ஆனா ஜப்பான்காரங்க மண்ணை வச்சு என்ன பண்ணாங்கன்னு நான் தேட ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஃபேக்டரி இல்ல, எங்க அவ்வா.

போன சித்திரையில சந்தையில ஒரு தண்ணிப் பானை வாங்கினேன். பானைக்காரர் 250 ரூபாய் சொன்னார். பேரம் பேசி 200க்கு முடிச்சேன். அடுத்த மாசம் நண்பர்களோட பாண்டிச்சேரி போனப்போ ஒரு ஸ்டோன்வேர் காபி கப் வாங்கினேன். 850 ரூபாய். பேரம் பேசணும்னு தோணவே இல்ல. வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டினதும் அவ்வா கையில வாங்கிப் பார்த்துட்டு, "இதுல தண்ணி ஊத்தி வச்சா சில்லுனு ஆகுமா?"ன்னு கேட்டாங்க. "ஆகாது அவ்வா." "அப்புறம் ஏன் இவ்ளோ காசு?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. இந்த எபிசோட் அதுக்கான பதிலைத் தேடிப் போனதுதான்.

முதல்ல கொஞ்சம் சூடு

சில்லுனு ஆகாதுன்னு ஏன் சொன்னேன்? நம்ம ஊர்ப் பானை சுமாரா 700ல இருந்து 900 டிகிரி செல்சியஸ்ல சுடப்படுது. அந்தச் சூட்டுல மண் இறுகும், ஆனா உருகாது. நுண்ணிய துளைகள் அப்படியே இருக்கும். அது வழியா தண்ணி கசிஞ்சு, வெளியே ஆவியாகி, உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துட்டுப் போயிடும். ஸ்டோன்வேர் 1200 டிகிரிக்கு மேல சுடுறது. அங்க மண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு பகுதி உருவாகி துளைகளை அடைச்சிடும். கல்லு மாதிரி ஆயிடும், கசியாது, அதனால குளிரவும் வைக்காது. ரெண்டும் வேற வேற வேலைக்கு. ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம்னு பேச்சே இல்ல.

ஆறு பழைய சூளைகள்

ஜப்பான்ல ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மண், ஒரு முகம். செதோ, தொகோனாமே, எச்சிசென், ஷிகராகி, தம்பா, பிசென். இந்த ஆறையும் சேர்த்து 'ஆறு பழைய சூளைகள்'னு சொல்வாங்க. ஏதோ ஆயிரம் வருஷப் பேர் மாதிரி இருக்குல்ல? கோயாமா ஃபுஜியோங்கிற ஆய்வாளர் 1948 வாக்குல வச்ச பேர் அது. சூளைகள் பழசு, பேர் புதுசு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

எனக்குப் பிடிச்சது பிசென். மேல பூச்சே கிடையாது. நெல்வயலுக்கு அடியில தோண்டி எடுக்கிற பிசுபிசுப்பான மண்ணை வருஷக்கணக்கா பதப்படுத்தி வச்சிருப்பாங்க. அப்புறம் விறகுச் சூளையில பத்து நாளைக்கு மேல, ராப்பகலா எரிப்பாங்க. சாம்பல் பறந்து விழுந்த இடம், நெருப்பு நக்கின இடம், வைக்கோல் சுத்தி வச்ச இடம் எல்லாம் நிறமா மாறிடும். டிசைன் பாதி மனுஷன் போடுறது, பாதி நெருப்பு போடுறது.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1592ல இருந்து 1598 வரைக்கும் ஹிதேயோஷியோட படைகள் கொரியாவைத் தாக்கினப்போ, ஜப்பானியப் பிரபுக்கள் அங்கிருந்து குயவர்களைப் பிடிச்சிட்டு வந்தாங்க. அதனால இதை 'மட்பாண்டப் போர்'னே சொல்றது உண்டு. அரிதா, ஹாகி, சத்சுமா மாதிரி இன்னைக்குப் புகழ்பெற்ற ஊர்களோட தொடக்கத்துல கொரியக் கைகள் இருக்கு. அரிதாவுல பீங்கான் கல்லைக் கண்டுபிடிச்சவர்னு மரபு சொல்ற யி சாம்-பியோங் அப்படி வந்தவர்தான். 'ஜப்பானியப் பாரம்பரியம்'னு சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

சாகப் போன தொழில் எப்படிப் பிழைச்சது?

இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல அங்கேயும் நம்ம கதைதான். ஆலைச் சரக்கும் உலோகப் பாத்திரமும் வந்ததும் கிராமத்துக் குயவர்களுக்கு வேலை குறைஞ்சது. அப்போ யானகி சோயெத்சுங்கிற சிந்தனையாளரும், ஹமதா ஷோஜி, கவாய் கன்ஜிரோங்கிற ரெண்டு குயவர்களும் 1925ல ஒரு சொல்லை உருவாக்கினாங்க: 'மிங்கெய்', அதாவது மக்கள் கலை. பேர் தெரியாத கைவினைஞர் தினசரிப் புழக்கத்துக்குச் செய்ற சாதாரணப் பொருள்லதான் உண்மையான அழகு இருக்குன்னு வாதாடினாங்க. 1936ல தோக்கியோவுல அதுக்குன்னு ஒரு அருங்காட்சியகமே திறந்தாங்க.

ஹமதா தங்கினது மாஷிகோங்கிற ஊர்ல. தோக்கியோ சமையலறைகளுக்கு சட்டியும் ஜாடியும் செஞ்சு அனுப்பின சாதாரண ஊர் அது. அவர் தன் பாண்டங்கள்ல கையெழுத்துப் போட மாட்டார். ஆனா அதை வைக்கிற மரப்பெட்டியில போடுவார். பேர் இல்லாத கலைஞனைப் பத்திப் பேசினவருக்கே சந்தையில பேர் தேவைப்பட்டுச்சு. இதுல நான் அவரைக் குத்தம் சொல்லல. பேர் இல்லாம விலை இல்ல, அவ்ளோதான்.

அடுத்து அரசாங்கம் வந்தது. 1950ல பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம். 1955ல முதல் முறையா 'வாழும் தேசியப் பொக்கிஷங்களை' அறிவிச்சாங்க, அதுல ஹமதாவும் ஒருத்தர். அடுத்த வருஷம் பிசென்னோட கனெஷிகே தோயோ. வழக்கொழிஞ்சு போன பழைய பிசென் பாணியைத் தேடித் திரும்பக் கொண்டு வந்தவர் அவர்.

இப்போ கோர்த்துப் பாருங்க. நாம 'அறுபடாத மரபு'ன்னு வாய் பிளக்கிறது தானா நிக்கல. பேர் வச்சாங்க, மியூசியம் கட்டினாங்க, சட்டம் போட்டாங்க, எல்லாத்துக்கும் மேல ஜனங்க சரியான விலை கொடுத்து வாங்கினாங்க.

பாண்டிச்சேரிக்கு வந்த வழி

இந்த அலை இந்தியாவுக்கு ரெண்டு தடவை வந்தது. முதல்ல 1919ல குர்சரண் சிங்னு ஒரு இளைஞர் மட்பாண்டத் தொழில் படிக்க ஜப்பான் போனார். அங்க யானகி, ஹமதா வட்டத்தோட பழகிட்டுத் திரும்பினார். 1952ல டெல்லி புளூ ஆர்ட் பாட்டரியைத் தொடங்கினார்.

ரெண்டாவது, நம்ம பக்கத்துலயே. டெபோரா ஸ்மித்ங்கிற அமெரிக்கப் பெண் ஜப்பானிய மொழி தெரிஞ்சவர். மாஷிகோவுல ஹமதாவைப் பத்திப் புத்தகம் எழுத வந்த தன் ஆசிரியை சூசன் பீட்டர்சனுக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்தார். பிசென்ல யமமோதோ தோஷுகிட்ட பயிற்சி எடுத்தார். அவரும் ரே மீக்கரும் சேர்ந்து 1971ல பாண்டிச்சேரியில 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினாங்க. ஜப்பான் சூளைக்குப் பைன் விறகுன்னா, இங்க நம்ம சவுக்கு விறகு. அங்க படிச்ச மாணவர்கள் இன்னைக்கு நாடு முழுக்க இருக்காங்க. பாண்டிச்சேரி ஸ்டோன்வேர்னு தனி அடையாளமே வந்துடுச்சு. என் 850 ரூபாய் கப்போட வம்சாவளி இதுதான்.

இதுல ஒரு வேடிக்கை. பக்கத்துல இருக்கிற அரிக்கமேடுல 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ, ரோமானிய உலகத்துல இருந்து வந்த மண்பாண்டத்தை வச்சுத்தான் அந்த இடத்தோட காலத்தைக் கணிச்சார். வெளிநாட்டுப் பானை அந்தக் கடற்கரைக்கு வர்றது ரெண்டாயிரம் வருஷப் பழக்கம்.

நம்ம பானையில யார் பேர்?

கீழடியில கிடைச்ச பானை ஓடுகள்ல 'ஆதன்'னு தமிழி எழுத்துல கீறியிருக்கு. கொடுமணல்லயும் பேர் கீறின ஓடுகள் நிறைய. பெரும்பாலும் அது பானையை வச்சிருந்தவங்க பேர்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துலயே மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்பு நாலாயிரம் வருஷம் பழசுன்னு 2022ல அறிவிச்சப்போ ஊரே கொண்டாடுச்சு. அந்த மாதிரி இடங்கள்ல கிடைக்கிற கருப்பு சிவப்புப் பானையைச் செஞ்சவரை யாரும் கேட்கல. வாங்கினவர் பேர் நிக்குது, செஞ்சவர் பேர் இல்ல. அன்னைக்கும் இன்னைக்கும்.

எபிசோடுக்காக அந்தப் பானைக்காரரைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அவர் நெருப்பைப் பத்தியோ அழகைப் பத்தியோ பேசல. மண்ணைப் பத்திப் பேசினார். "ஏரி மண்ணு இருந்தா பானை இருக்கு தம்பி. மண்ணு எடுக்க அலையுற நாள்ல சக்கரம் சும்மா கெடக்குது." களிமண் எடுக்க மாவட்ட அளவுல அனுமதி வாங்கணும்னு இருந்தது, 2024ல தாசில்தார் அளவுலயே கொடுக்கலாம்னு மாத்தினாங்க. நல்ல மாற்றம்தான். ஆனா அவரோட பையன் ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிஃப்ட் போறார். தப்பே சொல்ல முடியாது. மாசச் சம்பளம் மழைக்காலத்துலயும் வரும்.

கிளம்பும்போது அவர் பேரைக் கேட்டேன். இத்தனை வருஷமா அவர்கிட்ட வாங்குறோம், எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. ஒரு சின்னச் சட்டியும் வாங்கினேன். 120 சொன்னார், 120 கொடுத்தேன். இதைப் பெரிய தர்மமா சொல்லல. அன்னைக்கு நான் குறைச்ச அம்பது ரூபாய் இன்னும் என்கிட்டதான் இருக்கு.

அவ்வாவோட கேள்விக்கு இப்போ பதில் தெரியும். கப்புக்கு ஏன் அவ்ளோ காசுன்னா, அதுக்குப் பின்னாடி ஒரு நூறு வருஷமா பல பேர் பேசி, எழுதி, சட்டம் போட்டு அந்த விலையை உருவாக்கியிருக்காங்க. பானைக்காக அப்படி யாரும் பேசல. அவ்வாகிட்ட இதைச் சொன்னேன். "அப்போ நீ பேசு"ன்னாங்க. பேசிட்டேன்.

உங்க ஊர்ல பானை செய்றவர் இருந்தா அவர் பேரைக் கேட்டு வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.